முதுகைக் காட்டிக் கைதட்டல் வாங்கியவர்

கம்பெனி நாடகத்தில் சேரும் சிறுவனுக்கு வாத்தியார் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம், சபைக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான். காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு உன் முகம் தெரிய வேண்டும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காது வரை உன் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கு வாய் முன்பக்கம் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பாடத்தைச் சிறு வயதில் அடி வாங்கிக் கற்ற ஒருவர், தொழில் கைக்குள் வந்தபிறகு அதைத் தூக்கிப் போட்டார். 'இழந்த காதல்' நாடகத்தில் ஜெகதீஷ் என்ற பாத்திரம் அவருக்கு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பிப்பார். முகம் தெரியாது. தோள் ஏறி இறங்குவது தெரியும், பின்கழுத்து விறைப்பது தெரியும், நாற்காலிக் கைப்பிடிக்கு வெளியே ஒரு கை வந்து போகும். மற்றதெல்லாம் குரல்தான். அந்தக் கட்டத்துக்குக் கொட்டகை கைதட்டி ஓயாது. 'நாற்காலி சீன்' என்று அதற்குத் தனிப்பெயரே வந்துவிட்டது. அந்த ஒரு காட்சிக்காகவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு.

அவர்தான் எம்.ஆர்.ராதா.

இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களுக்கு ராதா என்றால் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படங்கள். கீச்சென்று ஏறி, அதே வாக்கியம் முடிவதற்குள் கரகரவென்று அடித்தொண்டைக்கு இறங்கும் குரல். அந்தக் குரலை எடுத்துப் பார்க்காத பலகுரல் கலைஞர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் நாம் பார்க்கும் ராதா ஐம்பது வயதைத் தாண்டியவர். 'பாகப்பிரிவினை' வந்த 1959இல் அவருக்கு வயது 52. அதற்கு முன்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் வாழ்ந்து முடித்திருந்தார். சினிமா நமக்குப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அவருடைய பிற்பகுதியை மட்டும்தான். அவரைப் பெரிய நடிகராக்கியதும் அரசாங்கத்தைச் சட்டம் போட வைத்ததும் படமாக்கப்படாத முற்பகுதி. சினிமா ராதாவை ரசிப்பவர்கள்கூட அந்த மேடை ராதாவைத் தெரிந்துகொள்ளாமல் போவது பெரிய இழப்பு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கொட்டகையில் வளர்ந்த பிள்ளை

1907இல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன் என்பது முழுப்பெயர். அப்பா ராணுவச் சிப்பாய். முதல் உலகப் போரில் இறந்துபோனார். பிள்ளைகளை வளர்க்கும் பாரம் அம்மா தலையில் விழுந்தது. ஒருநாள் சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டுக் கிடைக்காத கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் போனார் என்பது அவரே சொன்ன கதை. அங்கே அவரைக் கண்டு கூட்டிக்கொண்டு போனவர் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு. நாயுடு நடத்தியது பாய்ஸ் கம்பெனி. பசியோடு கிளம்பிய பையனுக்குச் சோறும் கிடைத்தது, தொழிலும் கிடைத்தது.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், விடுதி, சிறைச்சாலை மூன்றும் சேர்ந்த இடம். விடியற்காலையில் எழுப்பி ஆர்மோனியத்துக்கு எதிரே உட்காரவைத்துப் பாட்டு, அப்புறம் ஒத்திகை, வசனம் மறந்தால் பிரம்பு. ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குப் படுதா ஏறினால் இறங்குவதற்கு நடுநிசி தாண்டும். பெண் வேடமும் பையன்களே கட்ட வேண்டும். ஊரில் வசூல் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். குரல் உடைந்துவிட்டால் அதுவரை ஸ்திரீபார்ட் கட்டிய பையன் ஒரே வாரத்தில் யாருக்கும் வேண்டாதவன் ஆகிவிடுவான். இந்த உலைக்குள் வெந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள், என்.எஸ்.கிருஷ்ணன், நவாப் ராஜமாணிக்கம், பி.யு.சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாரும் வெளியே வந்தார்கள். ராதாவும் ஜகந்நாதய்யர் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனி என்று பல கொட்டகைகளில் இருந்தவர். பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சின்னப் பையனாக இருந்த கணேசன், ராதா நடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். பிற்பாடு சிவாஜி கணேசன் ஆனபிறகும் ராதாவைப் பற்றி அவர் பேச்சில் மரியாதை குறைந்ததே இல்லை.

ராதாவுக்குப் பள்ளிப் படிப்பு கிட்டத்தட்ட இல்லை. வசனத்தை ஒருவர் வாசிக்க, காதில் வாங்கியே மனப்பாடம் செய்வார். அவருடைய பேச்சின் ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுத்தைக் கண்ணால் பார்த்துப் படித்தவர்கள் வாக்கியத்தை வாக்கியமாகப் பேசினார்கள். அந்தக் கால நாடகங்களில் எழுவாய், பயனிலை, எதுகை, மோனை எல்லாம் காதில் விழும். ராதாவுக்கு வசனம் கேட்ட பேச்சாக வந்தது. கேட்ட பேச்சாகவே திரும்பப் போயிற்று. பாதியில் நிறுத்துவார், இருமுவார், சொன்னதையே ஏற்ற இறக்கம் மாற்றித் திரும்பச் சொல்வார், ஒரு 'ம்...' போட்டு எதிராளியைக் காயவிடுவார். அடுக்குமொழி ஆட்சி செய்த காலத்தில் தெருவில் நின்று பேசுகிறவன் மாதிரி மேடையில் பேசிய முதல் பெரிய நடிகர் அவர்.

பொறிவேலையிலும் அவருக்கு மூளை உண்டு. மோட்டார், மின்சாரம் என்றால் ஆசை. கம்பெனியில் விளக்கு வேலை, காட்சி ஜோடனை எல்லாவற்றிலும் கைவைப்பார். மேடைக்கு மோட்டார் சைக்கிளிலேயே வந்து இறங்கியவர் என்று பழைய ஆட்கள் ஆச்சரியத்தோடு சொல்வார்கள்.

1937இல் 'ராஜசேகரன்' படத்தில் முதன்முதலாகத் திரைக்கு வந்தார். மாடியிலிருந்து குதிரைமேல் குதிக்கும் காட்சியில் கால் முறிந்தது. 'சந்தன தேவன்', 'சத்தியவாணி' என்று இன்னும் சில படங்கள். அந்த உலகம் அவருக்கு ஒட்டவில்லை. நாற்பதுகளின் தொடக்கத்தில் மேடைக்கே திரும்பிவிட்டார். சினிமா கைவிட்டதால் நாடகத்துக்கு வந்தவர்கள் அநேகம் பேர். ராதாவுக்கு நாடகம்தான் வீடு.

கல்லும் தடையும்

அப்போதுதான் பெரியார் அவர் வாழ்க்கைக்குள் வருகிறார். ஈரோட்டில் 'இழந்த காதல்' நடந்தபோது சுயமரியாதைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அதன்பிறகு ராதாவின் மேடை சமூகச் சீர்திருத்தத்தின் பக்கம் திரும்பியது. கைம்பெண் மறுமணத்தைப் பேசிய 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்', தமிழ்நாட்டையே உலுக்கிய கொலை வழக்கை மேடைக்குக் கொண்டுவந்த 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்', மு.கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை' என்று வரிசையாக வந்தன. 'தூக்குமேடை' விளம்பரத்தில் எழுத்தாளர் பெயருக்கு முன்னால் 'கலைஞர்' என்று போட்டவர் ராதா. அந்தப் பட்டம் பிறகு பெயரையே மூடிவிட்டது. ராதாவுக்கு 'நடிகவேள்' பட்டம் கொடுத்தவர் பட்டுக்கோட்டை அழகிரி. நூறு மாநாடு போடுவதும் ராதாவின் ஒரு நாடகம் போடுவதும் சமம் என்ற பொருளில் அண்ணா சொன்னார். அது வெறும் பாராட்டு இல்லை, அரசியல் கணக்கு. கூட்டத்துக்கு வருகிறவன் ஏற்கெனவே நம் ஆள். நாடகத்துக்கு வருகிறவன் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, திட்டிக்கொண்டே உட்கார்ந்து, சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் யோசிக்கிறவன்.

திட்டியவர்கள் திட்டியதோடு நிற்கவில்லை. கல் வந்தது, செருப்பு வந்தது, கொட்டகைக்குத் தீ வைப்போம் என்ற மிரட்டலும் வந்தது. ராதா நாடகத்தை நிறுத்த மாட்டார். எறிந்தவனைப் பார்த்து வேடத்திலேயே நின்று பதில் சொல்வார்; அந்தப் பதிலும் நாடகத்தில் சேர்ந்துகொள்ளும். அன்றைய செய்தி, அந்த ஊரின் சங்கதி எல்லாம் வசனத்துக்குள் நுழையும். எழுதிக் கொடுத்த வசனம் அவருக்கு எலும்புக்கூடு மட்டும்தான், ஊருக்கு ஊர் சதை மாறும். ஆகவே 'ராதா நாடகம்' என்று ஒரே ஒரு நாடகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. திருச்சியில் பார்த்தது வேறு, திண்டுக்கல்லில் பார்த்தது வேறு. தடை போட்டால் பெயரை மாற்றி அதே நாடகத்தைப் போடுவார்.

அவர் போட்ட 'இராமாயணம்' நாடகம்தான் உச்சம். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார். கும்பகோணத்தில் ராமர் வேடத்தோடேயே கைதானார் என்பது திராவிட இயக்கத்து மேடைகளில் இன்றும் சொல்லப்படும் சம்பவம். 1876இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடகச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வங்காளத்து நாடகக்காரர்கள் ஆங்கில ஆட்சியைக் கிழித்ததைப் பொறுக்காமல் போட்டது. சுதந்திர நாட்டில், 1954இல், சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இயற்றியது. அது ராதாவுக்காகவே போடப்பட்ட சட்டம் என்று அன்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஒரு நடிகன் மேடையில் பேசும் பேச்சை நிறுத்தச் சட்டமன்றம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பேச்சு எங்கே போய்த் தைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ராதாவின் கடவுள் மறுப்பு எல்லாருக்கும் உவப்பானதல்ல. பக்தி உள்ள பலர் அவர் நாடகத்தால் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றிக் கூட்டி வரவில்லை. நான் சொல்லப்போவது இதுதான், பிடிக்காவிட்டால் வராதே என்று வாசலிலேயே சொன்னார். அந்த நேர்மை அவரை எதிர்த்தவர்களில் பலருக்கும் தெரிந்திருந்தது.

மோகனசுந்தரம்

அதே 1954இல்தான் 'ரத்தக் கண்ணீர்' படமும் வந்தது. திருவாரூர் கே.தங்கராசு எழுதிய நாடகம். நாற்பதுகளின் கடைசியிலிருந்து ராதா ஊர் ஊராகப் போட்டு வந்தது. வாழ்நாளில் ஆயிரக்கணக்கான முறை போட்டிருப்பார். நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் படமாக எடுக்கக் கேட்டார். 'பராசக்தி'யை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இதையும் இயக்கினார்கள். ராதாவின் சம்பளம் லட்சத்தைத் தாண்டியது. வசூல் நாயகர்களுக்கே அந்தத் தொகை கனவாக இருந்த காலம். மனைவி சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, நண்பன் பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன், தாசி காந்தாவாக எம்.என்.ராஜம். ராஜத்துக்கு அப்போது மிகச் சின்ன வயது. அனுபவமுள்ள நடிகரைப் படிக்கட்டில் எட்டி உதைக்கும் காட்சியை அந்தப் பெண் செய்து முடித்தது பெரிய துணிச்சல்.

கதை ஒன்றும் புதிதல்ல. வெளிநாடு போய்வந்த பணக்காரன் மோகனசுந்தரம் தாயை மதிக்காமல், மனைவியைச் சீந்தாமல், தாசி வீட்டில் சொத்தைக் கரைத்து, நோய் வந்து, பிச்சைக்காரனாகி அழிகிறான். இதே கதையை வேறு யார் கையில் கொடுத்திருந்தாலும் அழுமூஞ்சிப் படமாகப் போயிருக்கும். ராதா செய்தது வேறு. முதல் பாதியில் கோட்டு சூட்டு, வாயில் சிகரெட், ஆங்கிலம் கலந்த தமிழ், எதைப் பார்த்தாலும் ஒரு முகச்சுளிப்பு. அவன் கெட்டவன்; சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கேலி செய்கிற சங்கதிகளில் பாதி, கேலி செய்யப்பட வேண்டியவைதான். வீட்டுச் சடங்கு, போலி மரியாதை, மேடைப் பேச்சு என்று அவன் கிண்டலடிக்கும்போது பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் அவன் தாயிடம் நடந்துகொள்ளும் விதம் வருகிறது. யாரோடு சேர்ந்து சிரித்தோம் என்று நெஞ்சில் சுருக்கென்கிறது. அயோக்கியன் வாயில் உண்மையை வைத்ததுதான் ராதாவின் பெரிய கண்டுபிடிப்பு. அவருக்கு முன்னால் தமிழ் மேடையில் உண்மை பேசும் உரிமை ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும் மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் பாதியில் உடம்பு மாறுகிறது. முகம் வீங்கி, விரல் மடங்கி, கண் மங்கி, கோணிக் கந்தலோடு தெருவில் வருகிறான். அப்போது குரலைக் கவனித்துப் பாருங்கள். முதல் பாதியில் மூக்கின் மேல் நின்ற குரல் இப்போது நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து, மூச்சு பிடித்துப் பிடித்து வருகிறது. ஆனால் நையாண்டி போகவில்லை. பிச்சை எடுக்கும்போதும் அந்தப் பணக்காரத் திமிரின் ஒரு நூல் குரலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சி.எஸ்.ஜெயராமன் பாடும் அந்தப் புகழ்பெற்ற பாட்டில், பாட்டின் அடிகளுக்கு நடுவே ராதா பேசுவார். ஜெயராமன் குரல் துயரத்தை இழுத்துக்கொண்டு போகும். ராதா குறுக்கே வந்து வெட்டுவார். பாட்டு அழ வைக்கப் பார்க்கும், பேச்சு அழவிடாது. தாளத்துக்குள்ளும் நிற்காமல், தாளத்தை விட்டும் போகாமல் அந்தப் பேச்சு வந்து விழும் இடம் இருக்கிறதே, அது ஆயிரம் மேடை கண்டவனுக்கு மட்டும் கைவரும் கணக்கு. "காந்தா..." என்று அவர் இழுக்கும் ஒரு சொல்லில் ஆசை, வெறுப்பு, நக்கல், கெஞ்சல் நான்கும் மாறி மாறி வந்துபோகும்.

முடிவில், தான் உயிரோடு இருக்கும்போதே மனைவியை நண்பனுக்கு மணம் முடிக்கச் சொல்கிறான் மோகன். 1954இன் தமிழ் சினிமாவில் கட்டிய மனைவிக்குக் கணவனே மறுமணம் பேசியது சாதாரணமில்லை. கற்பின் பெயரால் அவளைக் காலமெல்லாம் அழவிடுவதற்குத்தான் அன்றைய கதைகள் பழகியிருந்தன.

இந்தப் படத்தை எவ்வளவு நேசித்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொழுநோயை ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாக அது காட்டுகிறது. அந்த நோய் ஒரு பாக்டீரியாவால் வருவது என்று நார்வே மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். படம் வந்த காலத்தில் டாப்சோன் மாத்திரை புழக்கத்துக்கு வந்துவிட்டது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி மருத்துவமனையில் நூற்றுக்கணக்கானவர்கள் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்கள். 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும் நோய் அது. பகுத்தறிவு பேசிய மேடை, பாவத்தின் சம்பளம் நோய் என்ற பழைய நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது. தேமல் கண்டவுடன் டாக்டரிடம் போகாமல் ஒளித்துவைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தப் பயத்தில் இந்தப் படத்துக்கும் பங்கு இருக்கிறது. காந்தா பாத்திரமும் அப்படித்தான். தாசி முறையை உண்டாக்கிய பெரிய மனிதர்களை விட்டுவிட்டு, பழியெல்லாம் அந்தப் பெண் தலையில் இறங்குகிறது. ராதாவின் நடிப்பு இந்தக் குறைகளைத் தாண்டி நிற்கிறது. குறைகளும் அங்கேயேதான் இருக்கின்றன.

தெலுங்கில் இதே நாடகத்தை நாகபூஷணம் 'ரக்தக் கண்ணீரு' என்று ஆந்திரம் முழுதும் போட்டுப் புகழ்பெற்றார். 2003இல் கன்னடத்தில் உபேந்திரா நடித்துப் படமாக வந்தது. தமிழில் ராதா குடும்பத்தாரே மறுபடி மேடையேற்றினார்கள்.

சிங்காரமும் ஆளவந்தாரும்

'பாகப்பிரிவினை'யில் சிங்கப்பூரிலிருந்து வரும் சிங்காரமாக ராதா நுழைந்ததும் கூட்டுக் குடும்பத்தில் விரிசல் விழுகிறது. படத்தைத் தாங்குவது கை விளங்காத கண்ணையனாக வரும் சிவாஜி. ஆனால் கதையை நகர்த்துவது சிங்காரம். அதன்பிறகு ஏழெட்டு ஆண்டுகள் ராதாவுக்கு ஓய்வே இல்லை. 'பாவ மன்னிப்பு'வில் ஆளவந்தார், 'பாலும் பழமும்', 'குமுதம்', 'கற்பகம்', 'நானும் ஒரு பெண்', 'புதிய பறவை', 'சித்தி' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வில்லன் என்றால் முறைத்துப் பார்த்து மீசை முறுக்க வேண்டும் என்ற வழக்கத்தை அவர் அழித்தார். ராதாவின் வில்லன் வீட்டுக்குள் இருப்பவன். மாமாவாக, மச்சானாக, முதலாளியாகத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே குடும்பத்தைப் பிரிப்பவன். அவனை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் ஒருவன் இருந்தான்.

பி.ஆர்.பந்துலுவின் 'பலே பாண்டியா'வில் (1962) சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு: ரவுடி கபாலி, பணக்கார மாமனார் அமிர்தலிங்கம் பிள்ளை. மாமனாரும் மருமகனும் கர்நாடக சங்கீதத்தில் மோதிக்கொள்ளும் பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் குரல், ராதாவுக்கு எம்.ராஜு குரல். சிவாஜி முறையான பாகவதராகக் கையை வீசிப் பாடுவார். பக்கத்தில் ராதா ஜதி சொல்லும்போது கன்னம், புருவம், தாடை, தோள் என்று தனித்தனியாகத் தாளம் போடும். நடுவில் மருமகன் சங்கதியில் சொக்கி, தன்னை மறந்து, மறுபடி நினைவு வந்து போட்டிக்குத் திரும்புவார். அந்த மறதிக்கும் திரும்பலுக்கும் நடுவில் உள்ள அரை விநாடிதான் நடிப்பு. சிவாஜியோடு ஒரே சட்டகத்தில் நின்று அவர் பக்கமிருந்து கண்ணை இழுத்துக்கொள்ளக் கூடியவர்கள் மிகச் சிலர்; டி.எஸ்.பாலையாவையும் எஸ்.வி.ரங்காராவையும் சொல்லலாம், ராதாவைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சினிமாக் காசு கொட்டியபோதும் அவர் நாடகக்காரராகத்தான் இருந்தார். இம்பாலா காரை வாங்கி அதில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார் என்ற கதை தமிழ்நாடு முழுக்கப் பிரசித்தம். காரை மற்றவர்கள் கும்பிட்டார்கள், அவர் உபயோகித்தார். சென்னை பெரியார் திடலில் இருக்கும் 'ராதா மன்றம்', அவர் உயிரோடு இருக்கும்போதே பெரியார் அவர் பெயரில் எழுப்பியது.

1967 ஜனவரி 12

இந்தத் தேதியைப் பற்றி எழுதியவர்கள் அதைத் தவிர வேறொன்றையும் ராதாவிடம் பார்க்காமல் போய்விட்டார்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். எம்.ஜி.ஆரும் ராதாவும் பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். கடைசியாக இருவரும் நடித்து வெளிவந்தது 1966இன் 'பெற்றால்தான் பிள்ளையா'. 'ரத்தக் கண்ணீர்' தந்த அதே கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். அதன் தயாரிப்பாளர் வாசுவோடு ராதா ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவின் உடம்பிலும் குண்டு. இருவரும் பிழைத்தார்கள். தேர்தல் நெருங்கிய நேரம். எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளர், ராதா பெரியாரைப் பின்பற்றி காமராஜர் பக்கம் நின்றவர். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருக்கும் எம்.ஜி.ஆர். படம் சுவரொட்டியாக மாநிலமெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் அவர் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது.

எம்.ஜி.ஆரைச் சுட்டதாக நடந்த வழக்கில் ராதாவுக்கு 7 ஆண்டு சிறை, மேல்முறையீட்டில் குறைந்தது. 1971இல் வெளியே வந்தார். எம்.ஜி.ஆரின் குரல் அன்று உடைந்தது, பிறகு பழைய குரல் வரவே இல்லை. குரலை நம்பி வாழ்ந்த ஒரு கலைஞனுக்கு அது எப்பேர்ப்பட்ட இழப்பு என்று, குரலையே கருவியாகக் கொண்ட ராதாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்க முடியும். நடந்தது பெரும் தவறு. அந்த வழக்கின் தீர்ப்பை மறுத்துப் பேச இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் அறுபது ஆண்டுக் கலை வாழ்க்கையின் மேல் ஒரு பிற்பகலை மூடி வைத்துவிட முடியாது.

வெளியே வந்தபின் எழுத்தாளர் விந்தனிடம் தன் கதையைச் சொன்னார். 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' என்ற பெயரில் அது தொடராக வந்து, பிறகு புத்தகமாயிற்று. ராதா பேசுவதை அப்படியே கேட்கிற மாதிரி விந்தன் எழுதியிருக்கிறார். பழைய கம்பெனி நாடக உலகத்தைத் தெரிந்துகொள்ள அதைவிட உயிரோட்டமான ஆவணம் தமிழில் குறைவு. தன் குற்றங்குறைகளையும் அடிதடிகளையும் மறைக்காமல் ராதா அதில் சொல்லிக்கொண்டு போகிறார்.

மறுபடி மேடை ஏறினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 'ரத்தக் கண்ணீர்' மறுபடி ஊர் ஊராகப் போயிற்று. கொட்டகை மறுபடி நிறைந்தது. படங்களும் சில வந்தன. பழைய வேகம் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், மிசா சட்டத்தில் மறுபடியும் சிறைக்குப் போனார். மேடையில் பேசியதற்காகவும் அரசியலுக்காகவும் இத்தனை முறை சிறை கண்ட நடிகர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

1979 செப்டம்பர் 17ஆம் தேதி திருச்சியில் இறந்தார். அது பெரியாரின் பிறந்தநாள். அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். ராதாவின் பிள்ளைகளில் எம்.ஆர்.ஆர்.வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா என்று பலர் நடிப்புக்கே வந்தார்கள். வாசுவின் குரலில் அப்பாவின் கரகரப்பு அப்படியே இருந்தது. ராதாரவி திரையில் திண்ணை வில்லனைத் தன் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். ராதிகா மொழி, ஊடகம் எல்லாம் தாண்டிப் போனவர்.

ராதாவை அடக்கப் போட்டதாகச் சொல்லப்பட்ட 1954ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. அவருடைய நாடகமே பார்த்திராத இளைஞர் குழுக்கள் நாடகம் போடவும் வசனப் பிரதியை எடுத்துக்கொண்டு காவல்துறை அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி நீதிமன்றம் போனார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று சொல்லி ரத்து செய்தது. ராதா இறந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.